முப்பத்தொரு கோப்புகளுக்குள் மூன்று வரி

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பின்வாசல் சுவரின் மேல் வைத்திருக்கும் பால்மா டின்னுக்குள் அடிமட்டத்தை இறக்கி மழையை அளந்தேன்: நாற்பத்தொரு மில்லிமீற்றர். டின்னைக் கவிழ்த்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். 5.05க்கு அடுப்பில் தண்ணீர். 5.20க்கு பிளேன்டீ. 6.50க்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டும்போது 7.20. புடவைக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தை 7.30க்குத் திறந்தேன். அங்கே நான்கு மேசைகள், சாவி என்னிடம். கணினியைப் போட்டதும் நான் பார்ப்பது எப்போதும் ஒரே பக்கத்தைத்தான். பார்த்துவிட்டு நாட்குறிப்பில் எழுதினேன்: "பதினேழாவது நாள். இன்னும் சேர்க்கவில்லை."

எதைச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் செய்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் ஒரு மழைமானி இருக்கும். மழை ஓர் அளவைத் தாண்டினால், அந்த டிவிசனில், அதாவது அந்தத் தோட்டப் பிரிவில், பதிவு செய்த எல்லாப் போன்களுக்கும் மூன்று மொழிகளிலும் செய்தி போகும். இப்போதைக்கு அக்கரப்பத்தனைப் பக்கத்தில் மூன்று டிவிசன்களில் மட்டும் ஓடுகிறது. தமிழ் வாசகங்கள் என் பொறுப்பு.

இந்த மென்பொருளில் ஆறு பேர் வேலை செய்கிறோம். ஆறு பேரும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் கை வைத்தால் நாசம். ஆகவே மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பதைப் போல ஆளுக்கொரு பிராஞ்ச். மூலப் பிரதியிலிருந்து பிரித்து எடுத்த நகல் அது. அதில் நம் வேலையைச் செய்யலாம், மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. முடிந்ததும், "இதைப் பார்த்து மூலத்தில் சேருங்கள்" என்று கேட்டு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட். எங்கள் குழுவில் அதைப் பார்த்துச் சேர்க்கும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும், முப்பதைத் தாண்டிய ஒரு பெண். தோட்டத்துக்குப் போகும் செய்திகள் மூலத்திலிருந்துதான் போகும். என் பிராஞ்சில் எவ்வளவு நல்லது இருந்தாலும் அது சேரும்வரை எந்தப் போனிலும் ஒலிக்காது.

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அந்த மூன்று டிவிசன்களில் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறாள். தாய்மார் கொழுந்துக்குப் போயிருக்கும்போது கைப்பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடம் அது. அன்றைக்குத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: மழை எச்சரிக்கை வந்தால் எங்கே போவீர்கள்?

"பெரட்டுக்களத்துக்குத்தான். வேற எங்க போறது?" என்றார்கள். ஏழு பேரைக் கேட்டேன். ஏழு பேரும் அதையே சொன்னார்கள்.

 எங்கள் செய்தியில் இருக்கும் வாசகம் இது: "மண்சரிவு அபாயம். உங்கள் டிவிசனின் ஒன்றுகூடும் இடத்துக்கு உடனே செல்லுங்கள்." இதை ஜனவரியில் எழுதியவன் நான். தொண்டு நிறுவனத்தார் ஒவ்வொரு டிவிசனிலும் பாடசாலை அல்லது கோயில் மண்டப வாசலில் பச்சைப் பலகை ஒன்றை நட்டிருக்கிறார்கள். ஒன்றுகூடும் இடம் என்று அவர்கள் சொன்னது அதைத்தான். ஆனால் தோட்டத்தில் ஆட்கள் கூடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம். நான் பிறந்து வளர்ந்ததே லயத்தில். என் அம்மா முப்பது வருடம் அந்தக் களத்தில் போய் நின்றவர். அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுதும்போது அது என் மூளைக்கு எட்டவில்லை. மூன்று டிவிசன்களிலும் களம், வெட்டிய மண்மேட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. மண் சரிந்தால் முதலில் வந்து விழுவது அங்கேதான். அன்றே அவர்களிடம் அதைச் சொல்லவில்லை; வாசகத்தைத் திருத்தினால் போதும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமையே பிராஞ்ச் ஒன்று போட்டேன். ஒன்றுகூடும் இடம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிவிசனுக்கும் போக வேண்டிய கட்டடத்தைப் பெயர் சொல்லி எழுதினேன்: ஒன்றுக்குப் பாடசாலை, இன்னொன்றுக்குக் கோயில் மண்டபம், மூன்றாவதுக்கும் பாடசாலை. மூன்று வரிகள். சனிக்கிழமை, ஜூன் 22, அனுப்பினேன். திரையில் அதன் மேல் உடனே லேபல் அட்டை ஒன்று தொங்கியது: "மொழி. முன்னுரிமை குறைவு."

இன்றைக்குப் பதினேழு நாள். இந்தப் பதினேழு நாளில் மற்றவர்கள் அனுப்பியவற்றில் எவை சேர்க்கப்பட்டன என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பொத்தானின் நிறத்தை வெளிர்நீலத்திலிருந்து கடும்நீலமாக்கியது, அனுப்பி நாற்பது நிமிடத்தில் சேர்ந்தது. முகப்புப் படத்தின் ஓரத்தை வளைவாக்கியது, அன்றே. நன்கொடையாளரின் சின்னத்தை இரண்டு புள்ளி பெரிதாக்கியது, கால்மணி நேரத்தில். கொழும்பில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை நினைவூட்டி எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: "பாக்கிறன் அண்ணை, கொஞ்சம் பெரிசா இருக்கு."

பொத்தானின் நிறத்தில் எந்தப் பிள்ளையின் உயிர் தொங்குகிறது என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அழித்த நேரம் இன்று காலை 8.10.

10.40க்கு எச்சரிக்கை போனது. மூன்று டிவிசன்களுக்கும். திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடி, "அனுப்பப்பட்டது" என்று காட்டியது. பழைய வாசகம்தான் போனது. நான் எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன், பிறகு அக்காவுக்கு அழைத்தேன். நான்காவது முறைதான் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம்; தகரத்தின் மேல் மழை.

"எங்கக்கா இருக்க?"

"பெரட்டுக்களத்துலதான். ஒம்போது புள்ளையையும் தூக்கிட்டு வந்துட்டோம். லயத்துல இருந்த வயசானவங்களும் வந்துட்டாங்க. கணக்கப்புள்ளயும் இங்கதான் நிக்கிறாரு. நீ ஒன்னும் பயப்படாத."

"அங்க நிக்காத. ஸ்கூலுக்குப் போ. இப்பவே."

"என்னடா சொல்ற? மெசேஜ் வந்துருக்கு, கூடுற எடத்துக்குப் போகச் சொல்லி. இவங்க யாரும் வரமாட்டேன்னாங்க. எந்தம்பி எழுதுனது, சரியாத்தான் இருக்கும்னு நாந்தான் சத்தம் போட்டுக் கூட்டியாந்தேன்."

என் காது சுட்டது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஐயா, அந்த மெசேஜ் பிழைங்க. களத்துக்குப் பின்னால மேடு இருக்கு. எல்லாரையும் ஸ்கூலுக்கு ஏத்திருங்க."

"தம்பி, இப்பதான் ஒன்னு சொல்றீங்க, அஞ்சு நிமிசத்துல இன்னொன்னு சொல்றீங்க. இந்த மழையில கைப்புள்ளைகளை வச்சிக்கிட்டு நூறு படி ஏறணும். ஆபீஸ்ல உக்காந்து சொல்றது லேசு."

"நான்தாங்க அதை எழுதினது. எழுதினவனே பிழைன்னு சொல்றேன். ஏறுங்க."

 அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "ஏய், எல்லாம் மேல ஏறுங்க!" என்று போட்ட சத்தம் என் காதில் அறைந்தது. மற்ற இரண்டு டிவிசன்களிலும் பதிவுப் பட்டியலில் முதலில் இருந்த பெயர்களைப் பிடித்து அழைத்தேன். ஒன்றில் உடனே எடுத்தார்கள். மற்றதில் பதினொரு முறை அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். அவர்களும் களத்தில்தான் நின்றார்கள். 11.25க்குள் மூன்று இடத்திலும் நகர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

12.35க்கு அக்காவின் டிவிசனில் மேட்டின் ஒரு பகுதி சரிந்தது. பெரிதாக இல்லை, ஒரு லொறி லோட் இருக்கும் என்றாள். களத்துக் கொட்டகையின் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்காரும் வாங்குகளை மூடிவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பால்போத்தல் கூடையை அவசரத்தில் அங்கேயே விட்டுவிட்டு ஏறியிருக்கிறாள். கூடை மண்ணுக்குள்.

இதைக் கேட்டுவிட்டுக் கொழும்புக்கு அழைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சொற்கள் தனித்தனியாக விழும். அப்படித்தான் பேசினேன்.

"மிஸ், பதினேழு நாள். உங்க பார்வைக்கு நான் அனுப்பினது பதினேழு நாளா கிடக்கு. இன்னைக்கு ஒம்பது பிள்ளைங்க மண்ணுக்குள்ள போயிருக்கணும். எனக்கு அங்க ஒரு அக்கா இருக்கிறதால போகல. அக்கா இல்லாத டிவிசனுக்கு என்ன செய்றதுன்னு சொல்லுங்க."

 "என்ன அண்ணை சொல்லுறியள்? என்ன நடந்தது?" என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் அனுப்பினதிலை இது இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? எழுதியிருக்கேனே."

"தலைப்பு 'தமிழ் வாசகத் திருத்தங்கள்'. உள்ளுக்குள்ளை முப்பத்தொரு ஃபைல். நானும் மூண்டு தரம் திறந்தனான். முதல் பத்து ஃபைலும் கால்புள்ளியும் இடைவெளியும்தான். ஒவ்வொரு தரமும் பிறகு பாப்பம் எண்டு மூடினனான். அது என்ரை பிழைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எது அவசரம் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"முழுசாப் பாக்கிறதுதானே உங்க வேலை?"

"ஓம், என்ரை வேலைதான். பாக்கிறதுக்கு ஏத்த மாதிரித் தாறது ஆற்றை வேலை?"

 "இப்பவே சேருங்க" என்றேன்.

"சேக்கேலாது. நீங்கள் தொட்ட ஃபைல்களிலை பாதியை இடையிலை மற்ற ஆக்களும் மாத்திப்போட்டினம். இருவது இடத்திலை முட்டுது. கண்ணை மூடிக்கொண்டு சேத்தால் செய்தியே போகாமல் நிண்டுடும். அந்த மூண்டு வரியை மட்டும் புதுப் பிராஞ்சிலை தாங்கோ. எத்தினை மணிக்கு அனுப்பினாலும் பாப்பன்."

போனை வைத்துவிட்டேன். நன்றி சொல்லவில்லை. என்னைப் போல ஐம்பதைத் தொட்ட ஒருவனுக்கு வேலை பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே என் புல் ரிக்வெஸ்டைத் திறந்தேன். அவர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகத்தான் திறந்தேன்.

முதல் கோப்பில், தலவாக்கலை என்ற ஊர்ப்பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததை ஒரே விதமாக்கியிருக்கிறேன். இரண்டாவதில், நேரத்தைக் குறிக்கும் இடங்களில் முற்றுப்புள்ளிக்கு முன்னிருந்த இடைவெளிகளை நீக்கியிருக்கிறேன். நான்காவதில், "மி.மீ." என்பதற்குப் புள்ளி வைத்திருக்கிறேன். ஒன்பதாவதில், யாரும் திறக்காத உதவிப் பக்கத்தின் பத்திகளை அகரவரிசைப்படுத்தியிருக்கிறேன். உருட்டிக்கொண்டே போனேன். பதினைந்து. இருபது. பக்கத்தில் நான் எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளைப் படித்தேன். ஒவ்வொரு கால்புள்ளிக்கும் காரணம் சொல்லியிருந்தேன். இருபத்து மூன்றாவது கோப்பில் இருந்தது. பாடசாலை, கோயில் மண்டபம், பாடசாலை. அதற்கு விளக்கக் குறிப்பு: "இடப்பெயர் தெளிவுபடுத்தப்பட்டது."

தெளிவுபடுத்தப்பட்டது. மண்மேடு என்று எழுதவில்லை. ஆபத்து என்று எழுதவில்லை. திங்கட்கிழமையே எழுதி முடித்த மூன்று வரியைச் சனிக்கிழமைவரை ஏன் அனுப்பவில்லை என்று நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜூன் 18: "பிராஞ்ச் திறந்திருக்கும்போதே மற்றவற்றையும் சீர் செய்துவிடலாம்." ஜூன் 19: "உதவிப் பக்கம் முடிந்தது. நிறைவாக இருக்கிறது." ஜூன் 20: "இன்னும் ஆறு கோப்புகள்." என் கையெழுத்து, ஒரே அளவில், கோட்டுக்கு மேல் வழுவாமல். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. இருபத்து மூன்று வருடங்களில் நாட்குறிப்பில் ஒரு தாளைக்கூட நான் கிழித்ததில்லை, இன்றும் கிழிக்கவில்லை. அந்த ஒழுங்கின் மீதே எனக்கு அருவருப்பு வந்தது.

அவர் மீதான கோபம் அதனால் குறையவில்லை. தமிழ் என்றால் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு என்றால் முன்னுரிமை குறைவு என்று அட்டை கட்டித் தொங்கவிடும் வழக்கத்தின் மீதும் குறையவில்லை. நீலப் பொத்தானை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் இப்போது அந்தக் கோபத்தோடு இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் சுமப்பது சிரமமாக இருந்தது.

3.15க்கு மூன்று வரியைத் தனியே எடுக்க உட்கார்ந்தேன். 3.17க்கு கரண்ட் போனது. ரயில்பாதைப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்ததாகக் கீழே கடைக்காரர் சொன்னார். மடிக்கணினியில் மின் இருந்தது, இணைப்பு இல்லை. போனிலும் ஒரு கோடுதான், அதுவும் பேச மட்டும். 4.00 வரை காத்திருந்தேன். பிறகு செய்ய முடிந்ததைச் செய்தேன்: மூன்று டிவிசன்களின் பதிவுப் பட்டியல் தாளில் இருந்தது, லயத்துக்கு ஓர் ஆள் வீதம் பதினான்கு பேரை அழைத்தேன். "இன்னொரு மெசேஜ் வந்தா அதில் இருக்கிறதைப் பார்க்காதீங்க. ஸ்கூலுக்குப் போங்க." கோயில் மண்டபம் உள்ள டிவிசனில் மட்டும் ஸ்கூலுக்குப் பதில் மண்டபத்தைச் சொன்னேன். நாங்கள் ஏழு மாதம் கட்டிய மென்பொருளை நம்ப வேண்டாம் என்று நானே பதினான்கு பேரிடம் சொன்னேன்.

6.10க்கு வீடு. அக்கா அழைத்தாள். பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிப்போய்விட்டார்களாம்; ஆட்களும் மழை குறைந்ததால் லயத்துக்கு இறங்கிவிட்டார்களாம். இரவு மறுபடி பெய்தால் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புக்காரி செய்த வேலையை நான் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எத்தன மாத்தம் எழுதி அனுப்புன?"

"முப்பத்தொரு ஃபைல்."

"அதுல இந்த ஸ்கூல் விசயம்?"

"ஒரு ஃபைல். மூணு வரி."

அவள் சிரித்தாள். இவ்வளவு நடந்த பிறகும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா இருக்குடா! கூடை நெறைய முத்துன எலைய அமுக்கிட்டு அடியில ரெண்டு கொழுந்த வச்சுக் குடுப்ப. அப்புறம் கணக்கப்புள்ளைக்குக் கண்ணு தெரியலேன்னு சண்டைக்குப் போவ. சின்னதுலயே அப்படித்தான நீ. கூரை ஒழுகுனா தகரத்தைப் போய்ப் பாக்க மாட்ட. சட்டிய எல்லாம் அளவுவாரியா அடுக்கிட்டு நிப்ப."

"போதும்க்கா."

"என்ன போதும்? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஒம்போது புள்ளைங்க என் கையில வருது. நான் எந்த மெசேஜ நம்புறது? அதச் சொல்லு மொதல்ல."

"காலையில சரியா இருக்கும்."

"அப்ப சரி. பால்போத்தல் கூடை ஒன்னு வாங்கிட்டு வா, வாரப்ப."

கரண்ட் வரவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இன்றைய பக்கத்தை எழுதினேன். வழக்கமாக நேரத்தை இடது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் எழுதுவேன். இன்று கோணலாக வந்தது. திருத்தவில்லை.

ஜூலை 10, புதன்கிழமை. 4.50க்கு எழுந்தேன். கரண்ட் வந்திருந்தது. வெளியே தூறல். மழை அளக்கப் போகவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, மூலத்திலிருந்து புதிய பிராஞ்ச் ஒன்றைப் பிரித்தேன். ஒரு கோப்பைத் திறந்து மூன்று வரியை மாற்றினேன். அதே கோப்பில் இரண்டு வரி கீழே, தலவாக்கலை பிழையாக எழுதப்பட்டிருந்தது. விரல் அங்கே போனது. திருத்தாமல் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். தலைப்பில் எழுதினேன்: "அவசரம். இப்போதைய செய்தி ஆட்களை மண்மேட்டுக்கு அடியில் அனுப்புகிறது." 5.02க்கு அனுப்பினேன். எழுந்திருக்காமல் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 5.09க்கு, "பாத்திட்டன் அண்ணை" என்று வந்தது. 5.10க்குச் சேர்ந்தது.